இந்தியக் காகம்

கப்பல் ஒருநாள்தான் நிற்கும் என்றான்.
மொம்பாசாக்காரன். பெயர் கசுங்கு.
துறைமுகக் கேட்டடியில் தலையைக் குனிந்து
என் ஓட்டோவுக்குள் ஏறி,
பின்னேரம் வரைக்கும் ஒரு தொகை பேசி,
'எதையாவது காட்டு' என்றான்.

எனக்கு ஆபிரிக்கா என்றால்
டீவியில் ஓடும் வரிக்குதிரை,
அதன் பின்னால் அசையும் புல்.
'உங்க வீட்டுப் பக்கம் சிங்கம் வருமா?'
சிரித்தான். நாற்பத்தொரு வயதில்
ஒரு சிங்கமும் கண்டதில்லையாம்.
'அதுக்கு ஜீப் வேணும், டிக்கட் வேணும்.
நான் கப்பலுக்கு வயர் இழுக்கிறவன்.
இங்கே உண்டா?'

அந்த நேரம் பார்த்துச் சிவப்பு விழுந்தது.
சந்தியில் ஒரு கொடி, காற்றில்லாமல்
மடிப்புக்குள்ளிருந்து வாள்நுனி மட்டும்
நீட்டிக்கொண்டிருந்தது.
'துணியில் உண்டு' என்றேன்.
'பாஸ்போட் மட்டையில் உண்டு,
பியர்ப் போத்தலில் உண்டு.
காட்டில் இல்லை.'

பேரை வாவியில் கூழைக்கடாக்கள்.
எச்சத்தால் வெள்ளையடித்த மரத்தில்
கல்யாண வீட்டுக்கு முந்தி வந்துவிட்ட
பெரிய மனிதர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன.
மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தான்.
விகாரமகாதேவிப் பூங்கா வௌவால்களுக்கு
அவன் கொடுத்தது மூன்று நிமிடம்.

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில்தான்
'நிறுத்து! நிறுத்து!' என்று கத்தினான்.
போன் விழுந்துவிட்டதாக்கும் என்று
பிரேக்கை மிதித்தேன், பின்னால் வந்த வேன்காரன்
என் அம்மாவை விசாரித்துவிட்டுப் போனான்.

கீழே சீமெந்துக் கரையில்
ஓராள் நீளத்துக் கபரகொய்யா.
சாப்பாட்டுப் பார்சலின் லஞ்ச் சீட்டை
நாக்கால் வாசித்துக்கொண்டிருந்தது.
நாங்கள் ஹோர்ன் அடித்து விலகும் சனியன்.
அவனோ கம்பியில் வயிற்றை மடித்துத் தொங்கி,
'கெங்கே' என்றான் மெதுவாக,
கடன் வாங்கிப் போன கூட்டாளியை
வேற்றூரில் கண்டவன் போல.
படம் எடுக்கவில்லை.
அது தண்ணீருக்குள் இறங்கி, வால் மறைந்து,
அலையும் அடங்கிய பிறகுதான் ஏறினான்.

தெகிவளையில் மிருகக்காட்சிச்சாலை வாசலில் நிறுத்தினேன்.
வெளிநாட்டாருக்கான விலையைப் படித்தான்.
விலைக்காக இல்லை என்றான்.
'ஏழு மாதம் இரும்புக்குள் இருந்துவிட்டு
இன்றைக்கும் கம்பியையா பார்ப்பது?'
அப்போது மதிலுக்கு அந்தப்புறம்
ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து உறுமியது.
நான் எஞ்சினை நிறுத்தினேன்.
மறுபடியும்.
'அதுவா?'
'அதாகத்தான் இருக்கும்.'
'ஜெனரேட்டர் பிடிக்கிற சத்தம்' என்றான்.
எனக்கு அது கியர் விழாத பஸ்.
ஆளுக்கொரு இஞ்சிச்சோடாவோடு
மதிலைப் பார்த்தபடி காத்திருந்தோம்,
மூன்றாந்தரம் அது உறுமவே இல்லை.

காலிமுகத்திடலில் வெயில் சாயும்போது
இஸ்ஸோ வடை வாங்கிக் கொடுத்தேன்.
வாய்க்குப் போகும் வழியிலேயே
இறாலோடு பாதியைக் காகம் பிடுங்கிக்கொண்டு போனது.
'குங்குரு!' என்று எழும்பித் துரத்தினான்,
தன் பாஷையில் நீளமாகத் திட்டினான்.
மொம்பாசாவிலும் இதே காகமாம்.
இதே சாம்பல் கழுத்து, இதே களவு.
எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்ததாம்.
குஞ்சு பொரித்து, அதன் குஞ்சு பொரித்து,
ஊரெல்லாம் அதுதானாம் இப்போது.
'இன்னமும் இந்தியக் காகம் என்றுதான் சொல்கிறோம்.'

நான் வடையை மென்றுகொண்டிருந்தேன்.
என் பூட்டன் பிறந்தது நோர்வூட்டில்.
என் பிறப்புச் சான்றிதழில்
இனம் என்ற கட்டத்துக்குள்
ஒரு கிளார்க் அழகான கையெழுத்தில்
எழுதி வைத்திருக்கிறான்: இந்தியத் தமிழ்.
இதை இங்கிலீசில் சொல்ல
எனக்கு அவ்வளவு சொல் போதாது.
மிளகாய்ச் சம்பல் உறைக்கிறதென்று
கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.
உறைக்கத்தான் செய்தது.

'நீங்கள் இதை என்னவென்று சொல்வீர்கள்?'
'காகம்.'
'என்ன காகம்?'
'வெறும் காகம்.'

துறைமுகம் வரைக்கும் அந்தச் சொல்லை
வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டு வந்தான்.
பேசிய தொகைக்கு மேலே
ஏதோ நாட்டுத் தாளொன்றும் தந்தான்.

கேட்டடியில் பொலிஸ்காரன் லைட்டடித்து
இரண்டு பேரிடமும் அடையாள அட்டை கேட்டான்.
முதலில் என்னிடம்.